கப்பல்ல போனவங்களும் கணக்குல வராதவங்களும்

ஒரு கப்பல் மூழ்குது. அடித்தட்டுல 2,364 வெள்ளிக் கட்டிகள். மேல 958 மனுஷங்க. எண்பது வருஷம் கழிச்சு இந்த ரெண்டுல எதுக்கு ஒண்ணுவிடாம கணக்கு இருக்கும்னு நினைக்கிறீங்க?

வெள்ளிக்குத்தான். வேற எதுக்கு?

கதை இல்லீங்க, நிஜம். கப்பல் பேரு 'திலாவா'. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியோடது. 1942 நவம்பர் 20ஆம் தேதி பம்பாயிலிருந்து கிளம்பி மொம்பாசா, மபூட்டோ, டர்பன்னு ஆப்பிரிக்கக் கரையோரமா போக வேண்டிய கப்பல். பயணிகள்ல பெரும்பாலும் குஜராத்திங்க. அந்தப் பக்கம் கடை கண்ணி வெச்சுப் பிழைச்சவங்க, அவங்க பொண்டாட்டி பிள்ளைங்க. 23ஆம் தேதி விடியக்காலையில, சீஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே நடுக்கடல்ல, ஜப்பானோட ஐ-29 நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. 280 பேர் போய்ட்டாங்க. மிச்சம் 678 பேரை 'பர்மிங்காம்' போர்க்கப்பலும் 'கார்த்தேஜ்' கப்பலும் தூக்கிக் காப்பாத்தின.

அந்த வெள்ளி, நாணயம் அடிக்கறதுக்காகத் தென்னாப்பிரிக்க அரசாங்கம் வாங்கினது. 2017ல ஒரு தனியார் கம்பெனி ரெண்டரை கிலோமீட்டர் ஆழத்துல எந்திரத்தை இறக்கி அத்தனை கட்டியையும் மேல கொண்டு வந்துடுச்சு. அப்புறம் யாருக்கு என்ன பங்குன்னு லண்டன்ல கேஸ். கீழ் கோர்ட், மேல் கோர்ட்டுன்னு போயி, 2024 மே மாசம் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது, தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமா. கப்பல் அடித்தட்டுல சும்மா கிடந்த வெள்ளி 'வணிகப் பயன்பாட்டில்' இருந்ததா இல்லையான்னு பெரிய பெரிய நீதிபதிகள் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க.

அந்த 280 பேருக்கு? எந்தக் கோர்ட்டும் இல்லை. செத்த கப்பல் சிப்பந்திகள் பேராவது ஒரு புத்தகத்துல இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல உயிர்விட்ட இந்தியக் கடற்படைக்காரங்க, வணிகக் கப்பல் சிப்பந்திகள்னு ஆறாயிரம் பேருக்கு மேல பேர் எழுதின புத்தகத்தை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மும்பையிலயும் சிட்டகாங்லயும் வெச்சிருக்கு. பயணிங்க? அவங்க ராணுவமும் இல்லை, சிப்பந்தியும் இல்லை. டிக்கெட் வாங்கினவங்க, அவ்வளவுதான். அவங்க பேரையும் கதையையும் தேடிச் சேர்த்தது அவங்களோட பேரப் பிள்ளைங்க. 2022 நவம்பர் 23ல, சரியா 80 வருஷம் கழிச்சு, மும்பையில கூடி அஞ்சலி செலுத்தினாங்க. அரசாங்கம் செய்யலை, வம்சம் செஞ்சுது.

இதுல ஒரு உறுத்தலும் இருக்கு. திலாவாவை மூழ்கடிச்ச அதே ஐ-29தான், அஞ்சு மாசம் கழிச்சு 1943 ஏப்ரல் கடைசியில, மடகாஸ்கர் பக்கத்துக் கடல்ல ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜியை ஏத்திக்கிட்டுப் போனது. நேதாஜி கடல் நடுவுல நீர்மூழ்கி மாறின சாகசத்தை நாம எல்லாரும் சின்ன வயசுல வாயப் பொளந்துக்கிட்டு கேட்டிருக்கோம். அந்த நீர்மூழ்கியோட முந்தின வேட்டையில செத்தது நம்ம ஆளுங்கன்னு எந்தப் பாடப் புத்தகத்துலயாவது படிச்சிருக்கீங்களா? நேதாஜி மேல குத்தம் சொல்லலை சாமி, ஆட்டோ அனுப்பாதீங்க :-) ரெண்டும் சேர்ந்ததுதான் வரலாறு. ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டா அது வெறும் போஸ்டர்.

சரி, குஜராத்திக் கப்பலுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்கதானே. வர்றேன்.

நம்ம பக்கத்துல 'ரஜூலா'ன்னு சொன்னா இப்பவும் பெருசுங்க கண்ணு விரியும். 1926ல கட்டினது, அதே பி.ஐ. கம்பெனி. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடின கப்பல். டெக்ல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டே மலேயா போனவங்க ஆயிரக்கணக்குல. அந்த ரஜூலாவுக்கு ஒரு கூடப்பொறந்த கப்பல் உண்டு, பேரு 'ரோனா'. அதே வருஷம், அதே வழித்தடத்துக்காகக் கட்டினது. ரஜூலா பேரு நிலைச்சுது, ரோனா மறந்து போச்சு.

போர் வந்ததும் ரோனாவைப் படைகளை ஏத்திப் போக எடுத்துக்கிட்டாங்க. 1943 நவம்பர் 26, அல்ஜீரியாவுக்குப் பக்கத்துல மத்தியதரைக் கடல். ஜெர்மன் விமானம் ரேடியோவால வழிநடத்தின ஒரு குண்டை விட்டுது (இன்னிக்கு இருக்கற ஏவுகணைக்கெல்லாம் பெரியப்பா முறை). 1,015 அமெரிக்கச் சிப்பாய்ங்க செத்தாங்க. எதிரி தாக்கின ஒத்தைக் கப்பல்ல அமெரிக்கப் படை இவ்வளவு பேரை நடுக்கடல்ல பறிகொடுத்தது அதுதான். கப்பலை ஓட்டின சிப்பந்திகள் பெரும்பாலும் இந்தியர்கள். அவங்கள்லயும் நூத்துக்கு மேல போய்ட்டாங்க.

புது ஆயுதம் பத்தி எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு அமெரிக்கா விவரத்தை அமுக்கி வெச்சுது. பல குடும்பங்களுக்கு எந்தக் கப்பல், எப்படிச் செத்தான்னே பல வருஷம் தெரியாது. ஆனா அவங்க விடலை. தப்பிப் பிழைச்சவங்களும் குடும்பங்களும் சங்கம் வெச்சாங்க, 1996ல அலபாமாவுல நினைவுச் சின்னம் வெச்சாங்க, 2000ல அமெரிக்க நாடாளுமன்றத்துல தீர்மானமே வாங்கிட்டாங்க. நம்ம ஊருக்கும் பினாங்குக்கும் நடுவுல பதினாலு வருஷம் ஓடின கப்பல் அது. நாகப்பட்டினத்துல ரோனா பேருக்கு ஒரு கல்லு இருந்தா என்ன குறைஞ்சு போகும்?

இங்கதான் என் கருத்தைச் சொல்லணும். யாருக்காவது காசு நட்டம் ஆகும்னாத்தான் உலகம் கணக்கு எழுதுது. மனுஷன் செத்தான்கறதுக்காக எழுதறது ரொம்பக் குறைவு.

நம்பலைன்னா இன்னொரு உதாரணம். 1860 அக்டோபர்ல மெட்ராஸ்லேருந்து கிளம்பின 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோட நவம்பர் 16ல டர்பன் போய்ச் சேர்ந்துது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அதுலேருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கு கப்பல் வாரியா பட்டியல் இருக்கு. பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஊரு, தாலுகா, உடம்புல இருக்கற மச்சம் தழும்பு வரைக்கும். மொரீஷியஸ்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இதே மாதிரி பதிவேடு, ஃபோட்டோவோட. டர்பன்ல இருக்கற ஒரு நாயுடு குடும்பமோ கோவிந்தர் குடும்பமோ இன்னிக்கு நினைச்சா, 165 வருஷத்துக்கு முந்தி தாத்தாவோட தாத்தா எந்தக் கிராமத்துலேருந்து வந்தார்னு கண்டுபிடிச்சுடலாம்.

ஏன் அவ்வளவு துல்லியமா எழுதினான் வெள்ளைக்காரன்? பாசமா? அந்த ஆளு அஞ்சு வருஷத்துக்கு அவனோட சொத்து. ஓடிப் போனா பிடிக்கணும், அதுக்கு அடையாளம் வேணும். வெள்ளிக் கட்டிக்கு நம்பர் போட்ட மாதிரிதான்.

அதுக்கப்புறம் முறை மாறுது. ஒப்பந்தக் கூலி ஒழியுது. கங்காணி வந்து ஊர்ல ஆள் சேர்க்கறான், இல்லேன்னா ஆளே கடன் வாங்கி டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போறான். எங்க முகப்பேர்லேருந்து அம்பத்தூர் தாண்டி வண்டியை விட்டா வருமே ஆவடி, மலேயா தோட்டங்களுக்குப் போறவங்களைத் தங்கவெச்சு அனுப்பின முகாம் அங்கதான் இருந்துது. இன்னொண்ணு நாகப்பட்டினத்துல. டாங்க் ஃபேக்டரி ஊருன்னு மட்டும் நினைச்சுக்கிட்டு தினம் தாண்டிப் போறோம். 1938ல இந்திய அரசாங்கம் மலேயாவுக்குக் கூலிகளை அனுப்பறதை நிறுத்திடுச்சு. அதுக்கப்புறம் போனவன், திரும்பி வந்தவன் எல்லாம் சொந்த டிக்கெட்டு டெக் பயணி. அவன் யாருக்கும் சொத்து இல்லை. அதனால யாருக்கும் அவன் மச்சம் தேவைப்படலை.

பாருங்க கொடுமையை. அடிமை மாதிரி போனவனுக்கு ரெக்கார்டு இருக்கு. சுதந்திரமாப் போனவன் காணாமப் போய்ட்டான்.

எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் உண்டு. அம்மாயியோட அப்பா. திருத்துறைப்பூண்டி பக்கம். பினாங்குக்குப் போனவர். 1941ல வந்த கடுதாசிதான் கடைசி. "ஜப்பான்காரன் குண்டு போட்டதுல கப்பலோட போய்ட்டாரு" அப்படின்னுதான் வீட்ல காலங்காலமா சொல்றது. எந்தக் கப்பல், எந்தத் தேதி, ஒண்ணும் கிடையாது. பொட்டி தட்டற நம்ம பாஷையில சொன்னா அந்த ஃபீல்டு 'நல்'. பூஜ்யம் கூட இல்லை.

அந்தக் காலிக் கட்டம் வீட்டுக்குள்ள என்ன பண்ணும்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியாது. கொள்ளுப்பாட்டி கடைசி வரைக்கும் தாலியைக் கழட்டலை. ஊர்ல சிலர் சுமங்கலின்னு மஞ்சள் குங்குமம் குடுப்பாங்களாம், சிலர் நல்ல காரியத்துக்குக் கூப்பிடவே மாட்டாங்களாம். ரெண்டு பக்கமும் தப்பு சொல்ல முடியாது, ஏன்னா அவங்க யாருன்னு அவங்களுக்கே தெரியாது. சாவுச் சேதி வந்திருந்தா அழுது முடிச்சிருப்பாங்க. வராததால முப்பது நாப்பது வருஷம் வாசல்ல ஒரு காதை வெச்சுக்கிட்டே வாழ்ந்துட்டாங்க.

திதி தெரியாதவங்களுக்கு மகாளய அமாவாசைன்னு ஒரு ஏற்பாடு நம்மகிட்ட இருக்கு. ஆடி அமாவாசைக்கு வேதாரண்யம், கோடியக்கரைன்னு போயி கடல்ல முழுக்குப் போடறவங்கள்ல எத்தனை பேரு இப்படித் தேதி தெரியாத கணக்கோ! எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் கம்மிதான். ஆனா தேதி தெரியாத சாவுக்கும் ஒரு நாள் ஒதுக்கி வெச்சவன் பெரிய ஆளுன்னு ஒத்துக்கறேன்.

இந்தக் கப்பல் கதையை நோண்டிப் பார்த்தப்ப ஒண்ணு புரிஞ்சுது. வீட்ல சொல்ற கதையை அப்படியே நம்பறதும் ஒரு விதத்துல தேடாம இருக்கறதுதான்.

1941 டிசம்பர்ல பினாங்கு மேல குண்டு விழுந்துது. அந்த மாசம் நடுவுல ராவோட ராவா அங்க இருந்த வெள்ளைக்காரங்களை மட்டும் படகுல ஏத்திக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாரையும் அம்போன்னு விட்டுட்டு. கோட்டையில பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடி ஏத்தி, ஊர்ல ஒரு கமிட்டி போட்டு ஒழுங்கைக் காப்பாத்தினவரு 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூரும் விழுந்துது. அதோட மூணரை வருஷம் இந்தியாவுக்குக் கடுதாசிப் போக்குவரத்தும் நின்னு போச்சு.

இப்ப யோசிங்க. வெள்ளைக்காரத் துரைசானிகளை ஏத்தவே அடிச்சுப் பிடிச்ச நேரத்துல, ஒரு தமிழ்க் கூலிக்கு எந்தக் கப்பல்ல இடம் குடுத்திருப்பான்? கப்பல் மூழ்கினது நிஜமா இருக்கலாம். ஆனா அவர் அதுல ஏறியிருப்பாரான்னு முதல்ல கேக்கணும். அதே வருஷங்கள்ல சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாத் தமிழர்களை ஜப்பான்காரன் அள்ளிக்கிட்டுப் போனான். காலராவுலயும் பட்டினியிலயும் செத்தவங்க பல ஆயிரம். அவங்களுக்கும் பேர் பட்டியல் கிடையாது. ஊர்ல காத்திருக்கற பொண்டாட்டிகிட்ட "காட்டுக்குள்ள காலரா வந்து கிடந்தான்"னு சொல்றதை விட "கப்பலோட போய்ட்டாரு"ன்னு சொல்றது சுலபம். ஒரே நொடியில முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கலாம். பல வீட்டுக் கப்பல் கதைகளுக்குள்ள இந்தக் காட்டுக் கதை ஒளிஞ்சிருக்குன்னு நான் சந்தேகப்படறேன்.

"தாத்தா ரஜூலா மூழ்கினதுல செத்தாரு"ன்னு உங்க வீட்ல சொன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. ரஜூலா போர்ல மூழ்கவே இல்லை. அடி வாங்காம திரும்பி வந்து 1970கள் வரைக்கும் ஓடி, கடைசியா பேரு மாத்தி 1974ல உடைப்புக்குப் போச்சு. அப்ப தாத்தா வேற கப்பல்ல போயிருக்கணும், இல்லேன்னா வேற விதமாப் போயிருக்கணும். கப்பலோட பேரும் மாசமும் கிடைச்சாலே பாதிக் கதையைச் சரி பார்த்துடலாம்.

எப்படிப் பார்க்கறது? உட்கார்ந்த இடத்துலயே பண்ணக்கூடியது:

ஒண்ணு, கப்பலைப் பிடிங்க, ஆளை அப்புறம் பிடிக்கலாம். ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்ச கப்பல்களுக்கு 'யூபோட்.நெட்', ஜப்பான் நீர்மூழ்கிகள் ஒவ்வொண்ணும் எந்த நாள் எங்க இருந்துதுன்னு 'கம்பைன்ட்ஃப்ளீட்' தளம். ரெண்டுமே ஆர்வலர்கள் சேர்ந்து கட்டினது.

ரெண்டு, பழைய பேப்பர். சிங்கப்பூர் தேசிய நூலகம் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பழைய இதழ்களை ஸ்கேன் பண்ணித் தேடற மாதிரி போட்டிருக்கு. கப்பல் வர்ற போற அறிவிப்பு, காணாமப் போனவங்களைத் தேடற விளம்பரம் எல்லாம் சிக்கும். பேரை ஒரே மாதிரி தேடாதீங்க. முத்துசாமியை நாலு விதமா எழுதியிருப்பான்.

மூணு, லண்டன் க்யூ ஆவணக் காப்பகம். அங்க இருக்கற பயணிகள் பட்டியல் பிரிட்டனுக்கு வந்த, பிரிட்டன்லேருந்து போன கப்பல்களுக்குத்தான். மெட்ராஸ்-பினாங்கு அதுல வராது, வீணாக் காசு கட்டாதீங்க. ஆனா போர்க்கால வணிகக் கப்பல்கள் எந்தத் துறைமுகத்துல எப்ப நின்னுதுன்னு நகர்வு அட்டைகள் அங்க இருக்கு. அது உதவும்.

நாலாவதுதான் முக்கியம். வீட்டுப் பரண். பழைய கடுதாசி, மணியார்டர் ரசீது, பத்திரத்துக்குள்ள மடிச்சு வெச்ச காகிதம். 1941ல கப்பல்ல மூழ்கின 'கெய்ர்சோப்பா' கப்பல்லேருந்து எழுநூறு சொச்சம் கடுதாசிங்க 70 வருஷம் கழிச்சு கடலுக்கு அடியில 4,700 மீட்டர் ஆழத்துலேருந்து கிடைச்சுது, படிக்கற நிலையில! (தேடிப் போனது அங்கயும் வெள்ளியைத்தான், கடுதாசி கொசுறு.) கடலுக்கு அடியில இருந்தது பிழைக்கும்போது பரண்ல இருக்கறதை நாம பொங்கலுக்கு போகியில போட்டுக் கொளுத்தறோம்.

"செத்தவங்களைத் தோண்டி என்னடா ஆகப் போவுது, போய் வேலையைப் பாரு"ன்னு ஒரு குரல் வரும். நியாயமான கேள்விதான். ஆனா முன்னோர் பத்தி நம்ம ஊர்ல பேச்சே இல்லைன்னா சொல்லுங்க. தெருவுக்குத் தெரு 'ஆண்ட பரம்பரை' போஸ்டர் ஒட்டறோம். வாளோட குதிரையில போற தாத்தாவுக்கு ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடறோம். டெக்ல பாயை விரிச்சுப் படுத்து, வாந்தி எடுத்துக்கிட்டே போயி, ரப்பர் மரம் வெட்டி, ஊருக்கு மணியார்டர் அனுப்பின தாத்தாவைக் கேட்டா கமுக்கமா இருக்கோம். நம்மள்ல முக்கால்வாசிப் பேரைப் படிக்க வெச்சது எந்தத் தாத்தா?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கற குடியேற்றத் துறைக் கோப்புகளை ஸ்கேன் பண்ணி, பேரும் ஊரும் தேடற மாதிரி வெளியில விடுங்க. அயலகத் தமிழர்னு வருஷா வருஷம் விழா எடுக்கறீங்க, சந்தோஷம். வர்றவங்களுக்குப் பொன்னாடை போத்தறதை விட, அவங்க தாத்தா எந்த ஊர்னு ஒரு காகிதம் குடுத்தா அவங்க அழுதுடுவாங்க. நேட்டால் பட்டியலையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. இத்தனை சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கற சென்னைக்கு இது பெரிய வேலையே இல்லை.

ஆனா அரசாங்கத்துக்காகக் காத்திருக்க நேரம் இல்லை மக்களே. 1942ல விவரம் தெரிஞ்ச வயசுல இருந்தவங்களுக்கு இப்ப தொண்ணூறு தாண்டியாச்சு. எங்க அம்மாயிக்கே 88. அப்பா முகமே ஞாபகம் இல்லை அவங்களுக்கு. அவரு அனுப்பின ஒரு தகர டப்பா மட்டும் ஞாபகம் இருக்கு, மூடியில மயில் படம் போட்டது. அந்த மயிலையும் சேர்த்து எழுதி வெச்சிருக்கேன். எந்தத் தகவல் எங்க போய்ப் பொருந்தும்னு யாருக்குத் தெரியும்?

உங்க வீட்லயும் ஒரு கப்பல் கதை கட்டாயம் இருக்கும். ரங்கூனோ, பினாங்கோ, மேடானோ. இந்த ஞாயித்துக்கிழமை பெருசுங்க பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. கப்பல் பேரு என்ன, எந்த மாசம், கூடப் போனவங்க யாரு, சேதி கொண்டு வந்தது யாரு. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க, முக்கால்வாசி முடிச்சு அங்கதான் அவிழும். கேட்டதை உங்க பதிவுல போடுங்க. ஒரே கப்பல்ல போன ரெண்டு பேரோட பேரப் பிள்ளைங்க பின்னூட்டத்துல சந்திச்சுக்கிட்டா அதை விட வேற என்ன வேணும்?

டிஸ்கி: பதிவு நீளமாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. 2,364 கட்டிக்கு பக்கம் பக்கமா தீர்ப்பு எழுதும்போது மனுஷங்களுக்கு இவ்வளவாவது எழுதலாம்னு தோணிச்சு.